மாறிப்போன சொட்டு

"டமாரம்! தட்டைக் கழுவாம எங்கடா ஓடறே?"

சொல்லி முடித்த பிறகுதான் பம்பரத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

எதிரே நின்றவன் அவளுடைய தம்பி. வீட்டில் அவனுக்குச் சுண்டெலி என்று பெயர். டமாரம் என்று அந்த வீட்டில் யாரும் இல்லை. தெரு முழுக்க வலை போட்டுத் தேடினாலும் கிடைக்க மாட்டான்.

"யாருக்கா டமாரம்?" என்று கேட்டான் சுண்டெலி.

"நீதான். சத்தம் போட்டுச் சாப்பிட்டே இல்ல?"

"நான் சத்தமே போடல. நீதான் யாரோ அம்மா மாதிரி கத்தினே."

பம்பரம் நின்ற இடத்திலேயே நின்றாள். ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். ஆனால் கொஞ்ச நாளாகவே அவள் இப்படித் திடீர் திடீரென்று நின்றுவிடுகிறாள். எல்லாம் அந்தச் சொட்டு வாங்கி வந்ததிலிருந்துதான்.

அந்த ஊரில் பதினோரு வயது முடிந்த பிள்ளைகளை நினைவுக் காப்பகத்துக்கு அழைத்துப்போய், நாக்கில் ஒரு சொட்டு விடுவார்கள். குடும்பத்தில் இறந்துபோன ஒருவருடைய நினைவுகள் அதில் இருக்கும். வாழ்க்கை முழுவதும் இருக்காது, ஒரு கைப்பிடிதான். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வாசனையோ சத்தமோ தட்டுப்படும்போது, அந்த நினைவுகளில் ஒன்று உள்ளே கண் திறக்கும். அப்படியே மெல்ல மெல்ல ஊறி, சொந்த நினைவோடு கலந்துவிடும்.

பம்பரத்துக்கு வரவேண்டியது அவளுடைய அத்தையின் நினைவுகள். அத்தை பஸ் டிரைவர். அதே டிப்போவில் பஸ்களுக்கு பிரேக் பார்க்கும் மெக்கானிக் அப்பா. போன வருஷம் அத்தை காய்ச்சலில் இறந்ததிலிருந்து அப்பா பாதி ஆளாகிவிட்டார்.

தினமும் சாயங்காலம் கையில் இருக்கும் மசகைக் கழுவிக்கொண்டே அவர் கேட்பார்: "இன்னைக்கு எங்க அக்கா ஏதாவது சொன்னாளாம்மா?"

பம்பரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொல்வாள்: "ஸ்டியரிங் ரொம்பப் பெருசா இருந்துச்சுப்பா."

"ஆமா! பெருசுதான்! கரெக்டா சொல்றே பாரு!" என்று அப்பா குதிப்பார்.

பஸ்ஸில் ஒரு தடவை ஏறியவர்கள் எல்லோருக்கும் ஸ்டியரிங் பெரிது என்று தெரியும். அது அப்பாவுக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு ஆசை அவருக்கு.

உண்மை என்னவென்றால், பம்பரத்தின் தலைக்குள் பஸ்ஸே ஓடவில்லை. அங்கே இருந்தது ஒரு கண்ணாடிக் கடை. சுவரில் சாய்த்து வைத்த பெரிய பெரிய கண்ணாடிகள், மேஜை மேல் விரித்த கம்பளம், கண்ணாடி வெட்டும் சின்னக் கருவியின் நுனியில் ஒரு துளி எண்ணெய். அதைப் பிடித்திருந்த விரல்களில் வெட்டுக்காயத்துக்கு ஒட்டிய பிளாஸ்திரி. பிறகு ஒரு சின்னப் பையன். மேலேயிருந்து குனிந்து பார்த்தால் அவன் உச்சந்தலையில் இரட்டைச் சுழி. அவனை நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு பிசையும். அவன் சாப்பிட்டானா, தூங்கினானா என்று காரணமே இல்லாமல் கவலையாக இருக்கும்.

ஒருநாள் ஓவிய வகுப்பில் பம்பரம் அளவுகோல் வைத்து, கை எடுக்காமல் ஒரே இழுப்பாக நீளக் கோடு போட்டாள். பிறகு தாளைத் தூக்கி அடியில் 'டொக் டொக்' என்று தட்டினாள்.

"ஏன்மா பேப்பரைத் தட்டுறே?" என்று கேட்டார் டீச்சர்.

"ஒடியணும்ல டீச்சர்!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. பம்பரமும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் தாளை மடித்துப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள். அத்தை வாழ்நாளில் கண்ணாடி வெட்டியதில்லை. அத்தைக்குப் பிள்ளையும் கிடையாது. அப்படியானால் தன் தலைக்குள் வந்து உட்கார்ந்திருப்பது யார்?

வீட்டில் சொல்லலாம் என்று வாயெடுப்பாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை உள்ளேயே போய்விடும்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா ஜன்னல் ஓரமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்து சீருடைச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிச் சிரித்தாள்.

பம்பரம் வாசலிலேயே நின்றாள்.

'யார் இந்தப் பெண்?'

கண் இமைக்கும் நேரம்தான். உடனே அம்மா அம்மாவாகிவிட்டாள். ஆனால் பம்பரத்தின் தோளிலிருந்து புத்தகப் பை நழுவி விழுந்தது. அவள் ஓடிப்போய் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். "நான் யாரு சொல்லு?"

"அம்மா."

"யாரோட அம்மா?"

"என்னோட அம்மா."

சாப்பாடு போடும்போது அம்மா அதையே இன்னொரு தடவை கேட்டாள். தலை வாரும்போது மறுபடியும் கேட்டாள்.

வேலை விட்டு வந்த அப்பாவிடமும் அம்மா விஷயத்தைச் சொன்னாள். "அப்போ அந்த ஸ்டியரிங்?" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"நானா சொன்னதுப்பா. உங்களுக்குச் சந்தோஷமா இருக்குமேன்னு..."

"சரி, விடு. நீ நல்லா இருந்தாப் போதும்" என்றார். பிறகு வாசலுக்குப் போய்க் காப்பகத்துக்குப் போன் செய்தார்.

மறுநாள் காலையிலேயே மூன்று பேரும் காப்பகத்தில் இருந்தார்கள். சுண்டெலியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"எங்க தப்புதான். ஒரே நாள்ல வந்த ரெண்டு பிள்ளைங்களோட சொட்டு மாறிப்போச்சு. ஒரு பையனோட அம்மாவை உங்க பொண்ணுக்குக் குடுத்துட்டோம். உங்க அக்காவை அவனுக்குக் குடுத்துட்டோம். இன்னும் முழுசா ஊறல, அதனால கழுவி எடுத்துடலாம்."

"எடுத்து அந்தப் பையனுக்குக் குடுத்துடுவீங்களா?" என்று பம்பரம் கேட்டாள்.

"இல்லம்மா. இறந்துபோன ஒருத்தர்கிட்ட இருந்து ஒரே சொட்டுதான் கிடைக்கும். நாக்குல பட்டாச்சுன்னா எடுக்கத்தான் முடியும். திரும்ப யாருக்கும் வைக்க முடியாது."

அப்பா எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல்கள் சட்டை நுனியைச் சுருட்டின, பிரித்தன.

"கழுவாம விட்டா?" என்று கேட்டாள் பம்பரம்.

"யாரு நீ, யாரு அவங்கன்னு உனக்கே புரியாமப் போயிடும். சொந்தக்காரங்களோடதுன்னா பரவாயில்ல, சேர்ந்துக்கும். இது சேராது. இப்பவே கொஞ்சம் ஆரம்பிச்சிருக்கு, இல்லையா?"

பம்பரம் அம்மாவைப் பார்த்தாள். 'யார் இந்தப் பெண்' என்று நினைத்த அந்த நொடி ஞாபகத்துக்கு வந்தது. கழுவாவிட்டால் பம்பரம் இருக்கப் போவதில்லை. கழுவினால் அந்தப் பையனுடைய அம்மா இருக்கப் போவதில்லை. இதில் எதைக் கேட்பது?

"நான் அவன்கிட்டப் பேசலாமா டாக்டர்? ஒரு அஞ்சு நிமிஷம்?"

"கூடாதும்மா. ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டா குழப்பம் ஜாஸ்தியாகும். அவன் வேற வழியா வருவான். நீ பயப்படாதே. உன்னோடது ஒண்ணும் போகாது. உன் ஸ்கூல், உன் தம்பி, இன்னைக்குக் காலைல இருந்து நீ பார்த்தது, பேசினது, எல்லாம் அப்படியே இருக்கும். அவங்களோடது மட்டும்தான் போகும்."

அம்மாவையும் அப்பாவையும் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும் என்று டாக்டரம்மா நிறுத்திக்கொண்டார். பம்பரத்தை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

நீளமான நடைகூடம் அது. பாதியில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு பெஞ்ச். அதில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ஏதோ பெரிய தட்டைப் பிடித்தவன் போல மெதுவாக வலப்பக்கம் வளைத்தான். வலது கால் தரையை அழுத்தியது. பிறகு தலையைத் தூக்கி, மேலே இல்லாத ஒரு கண்ணாடியில் பின்னால் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்தான்.

பம்பரம் எழுந்துவிட்டாள். பையன் குனிந்து செருப்பைச் சரி செய்தான். உச்சந்தலையில் இரட்டைச் சுழி!

அவள் கண்ணாடியைத் தட்டினாள். அவன் நிமிர்ந்து பார்த்து, 'என்ன?' என்பது போலக் கையை ஆட்டினான். தடுப்பு நகரவில்லை. ஆனால் அவளுடைய கைக்கு என்ன செய்வதென்று தெரிந்திருந்தது. குனிந்து அடிச்சட்டத்தைத் தடவினாள். கண்ணாடி ஓடாமலிருக்கச் செருகியிருந்த ரப்பர்க் கட்டை விரலில் பட்டது. அதை உருவி எறிந்துவிட்டுத் தள்ளினாள். தடுப்பு வழுக்கிக்கொண்டு திறந்தது.

"நீ டமாரமா?"

பையனின் கைகள் அந்தரத்தில் நின்றன. "அந்தப் பேரு உனக்கு எப்படித் தெரியும்? எங்க அம்மா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாங்க."

"உங்க அம்மா எங்கிட்டதான் இருக்காங்க."

பையன் அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"அங்க இல்ல. இங்க" என்று பம்பரம் தலையைத் தொட்டுக் காட்டினாள். "உங்கிட்ட இருக்கிறது எங்க அத்தை."

"அந்த பஸ் ஆன்ட்டியா? தூக்கத்துல கூட ஸ்டாப்பிங் பேரைச் சொல்ல வைக்கிறாங்க! எங்க சித்திக்கு ராத்திரி தூக்கமே இல்ல."

நடைகூடத்தின் மறுமுனையில் 'கீச்... கீச்...' என்று பூட்ஸ் சத்தம். காவல்காரர் வருகிறார். பம்பரம் பையனின் கையைப் பிடித்து இழுத்தாள். பக்கத்தில் இருந்த துணி அறைக்குள் இருவரும் நுழைந்தார்கள். கூரை வரை அடுக்கிய வெள்ளை விரிப்புகள். சோப்பு வாசனை. அவள் கதவின் பூட்டுக் குமிழைத் திருகிப் பூட்டினாள்.

"நல்லாக் கேளு" என்று கிசுகிசுத்தாள். "கழுவினா உங்க அம்மாவோட ஞாபகம் போயிடும். ஆனா இப்ப நான் உங்கிட்டப் பேசினா, அது என்னோட ஞாபகம். நீ கேட்டா, அது உன்னோட ஞாபகம். அதை யாராலயும் கழுவ முடியாது. புரியுதா?"

பையன் தலையாட்டினான்.

"நீ வர்றது உங்க அம்மாவுக்கு மூணு கடைக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். டம் டம்னு நடப்பேல்ல? உடனே வெட்டி வச்ச கண்ணாடியை எல்லாம் சுவரோரமா நகர்த்துவாங்க. 'டமாரம் வருது, எல்லாரும் ஒதுங்குங்க'ன்னு கண்ணாடிங்ககிட்டயே சொல்லுவாங்க."

பையன் சிரித்தான். சிரித்துக்கொண்டே மூக்கைச் சட்டையில் துடைத்தான்.

"கடையில நீ முதல்ல ஒடிச்ச கண்ணாடித் துண்டை மேஜை இழுப்பறையில வச்சிருந்தாங்க. கோணல்மாணலா இருக்கும். வர்றவங்களுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டுவாங்க."

"அதைத் தூக்கிப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்!"

வெளியே யாரோ கூப்பிடும் சத்தம். "பாப்பா! தம்பி! எங்க போயிட்டீங்க?" கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின.

"வேற என்ன தெரியணும்? சீக்கிரம்!"

பையன் தரையைப் பார்த்தான். "ஆஸ்பத்திரி ஞாபகம் இருக்கா?"

பம்பரம் யோசித்தாள். ஒன்றும் வரவில்லை.

"கடைசி நாள் சித்தி என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. மூக்குல, கையில எல்லாம் குழாய் இருக்கும்னு சொன்னாங்க. எனக்குப் பயமாயிடுச்சு. உள்ள போகவே இல்ல. வெளியவே நின்னேன். அம்மாவுக்கு நான் வரலன்னுதானே தெரியும்?"

பம்பரம் கண்ணை இறுக்கி மூடினாள். 'தயவுசெய்து வாங்க' என்று உள்ளே இருந்த அந்த அம்மாவைக் கெஞ்சினாள். இருட்டுதான் தெரிந்தது.

அப்போது துணி அறைக் கதவை யாரோ தட்டினார்கள். டக். டக். டக்.

"உள்ள யாரு?" காவல்காரரின் குரல்.

டக். டக்.

அந்தச் சத்தம் எங்கேயோ போய் இடித்தது. பம்பரம் கண்ணைத் திறக்கவில்லை.

"கதவு..." என்றாள். "வெள்ளைக் கதவு. மேல்பாதி முழுக்கப் பூப்போட்ட மங்கல் கண்ணாடி. வெளிய லைட் எரியுது, உள்ள இருட்டா இருக்கு. அதனால உள்ள இருந்து பார்த்தா நல்லாத் தெரியுது. ஒரு சின்ன நிழல். முடி சிலும்பிக்கிட்டு நிக்குது. கால் விரலால கதவை உதைச்சிக்கிட்டே இருக்கான். டக், டக்னு."

பையன் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்தான்.

"நர்ஸ் கதவைத் திறக்கப் போறாங்க. 'கூப்பிடாதீங்க. அவன் பயந்துக்குவான். அங்கயே நிக்கட்டும். வந்து நிக்கிறான்ல, அது போதும்'னு சொல்றேன். சிரிப்பு வருது எனக்கு. உதைக்கிற உதையில கதவு உடைஞ்சிடும் போல இருக்கு. நீ போற வரைக்கும் நான் கண்ணையே மூடல..."

பம்பரம் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். எதிரே இருந்த பையனை அள்ளி அணைத்துக்கொள்ள வேண்டும் போலக் கை பரபரத்தது. தான் யார் என்று ஒரு கணம் தட்டுப்படவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள். தையல் மெஷின் சத்தம். சுண்டெலி. அப்பாவின் மசகுக் கை. நான் பம்பரம்.

"நான் இல்ல" என்றாள். "அவங்க. அவங்கதான் கண்ணை மூடல. நீ வந்தது அவங்களுக்குத் தெரியும்."

பையன் விரிப்புகளின் மேல் முகத்தை வைத்து அழுதான். சத்தமில்லாமல், முதுகு குலுங்கக் குலுங்க அழுதான்.

வெளியே சாவிக்கொத்து குலுங்கியது. "ஏய், நான் திறக்கப் போறேன்!"

"ஒரே நிமிஷம் அண்ணே!" என்று கத்தினாள் பம்பரம்.

பையன் சட்டென்று நிமிர்ந்தான். "உங்க அத்தை! உங்க அத்தையைப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலையே!" அவன் அவள் காதோடு வாய் வைத்து, ஒரே ஒரு விஷயம் சொன்னான். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

காவல்காரருக்குப் பின்னால் நின்ற டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பேசக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க டாக்டர். ஆனா இன்னைக்கு நான் பேசினதெல்லாம் என்னோடதுன்னும் நீங்கதான் சொன்னீங்க."

டாக்டரம்மா மறுபடியும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கம் பையனின் சித்தி அவனை அணைத்துக்கொண்டு நின்றாள். அவன் அவளிடம் எதையோ கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கழுவுவதற்கு வெகுநேரம் ஆகவில்லை. தலையில் ஈரமான தொப்பி ஒன்றை மாட்டினார்கள். கடைசியாக ஒரு தடவை எண்ணெய் வாசனை வந்தது. கம்பளம் விரித்த மேஜை தெரிந்தது. 'போயிட்டு வாங்க' என்று பம்பரம் மனசுக்குள் சொன்னாள். கடையின் ஷட்டரை இழுத்து மூடியது போல எல்லாம் ஓய்ந்தது.

"கண்ணாடி எப்படி வெட்டுறது, சொல்லு பார்ப்போம்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தெரியாதே. கையைத்தான் வெட்டிக்குவேன்."

"டமாரம் யாரு?"

"துணி ரூம்ல என்னோட பேசின பையன்." அவளுக்கு இப்போது அவன் முகம்தான் தெரிந்தது, நேருக்கு நேராகப் பார்த்த முகம். மேலேயிருந்து குனிந்து பார்த்த அந்த இரட்டைச் சுழியைக் காணோம். அவனிடம் சொன்ன வார்த்தைகள் எல்லாம் ஞாபகம் இருந்தன, யாரோ சொல்லக் கேட்ட கதை போல. நெஞ்சைப் பிசைந்துகொண்டிருந்த கவலை போய்விட்டது. அது போனது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

"நான் யாரு?" என்று அம்மா கேட்டாள்.

"ஐயோ அம்மா! இன்னும் எத்தனை தடவை கேப்பே?"

அம்மா கண்ணீரும் சிரிப்புமாக அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் நல்லபடியாகத் திரும்பிவிட்டாள் என்ற நிம்மதி இருந்தது. ஆனால் அக்கா இரண்டாவது தடவையாகப் போய்விட்டாள். அதை அவர் யாரிடம் சொல்வார்?

பம்பரம் எழுந்து அவர் பக்கத்தில் போய் நெருக்கி உட்கார்ந்தாள். "அப்பா, அந்தப் பையன் அத்தையைப் பத்தி ஒண்ணு சொன்னான். ஒண்ணே ஒண்ணுதான், அதுக்குள்ள கதவைத் திறந்துட்டாங்க."

அப்பா மெல்லத் திரும்பினார். "என்னம்மா?"

"இது நானா சொல்றது இல்லப்பா. சத்தியமா அவன் சொன்னது. அத்தை ஒவ்வொரு ஸ்டாப்பிங்லயும் பிரேக் போடும்போது வாய்க்குள்ளயே சொல்லிக்குவாங்களாம், 'என் தம்பி பார்த்த பிரேக்கு'ன்னு. தினமும் சொல்லுவாங்களாம். ஒரு தடவை கூட விட்டதில்லையாம்."

அப்பா பையிலிருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார். அது டிப்போவில் கை துடைக்கும் துணி. மூக்கு, கன்னமெல்லாம் கறுப்பாகிவிட்டது. எதிர் சீட்டில் இருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர்கள் இறங்கும் இடம் வந்தது. பஸ் ஒரு குலுக்கல்கூட இல்லாமல், வெண்ணெயில் வைத்த கத்தி போல வழுக்கிக்கொண்டு வந்து நின்றது.

அப்பா கறுத்த முகத்தோடு அவளைப் பார்த்தார். "யாரு பார்த்த பிரேக்கு இது?" என்று கேட்டார்.

பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி பம்பரம் கத்தினாள்:

"என் அப்பா பார்த்த பிரேக்கு!"